பூவின் தேன் எங்கே சுரக்கிறது?

மாணவர்களே, பூவில் தேன் எங்கே சுரக்கிறது என்று கேட்டால், "இதழின் அடியில்" என்பதே பலரின் பதில். பள்ளித் தோட்டத்தில் உள்ள இரண்டு பூக்களைப் பிரித்துப் பார்த்தால், இந்தப் பதில் போதாது என்பது தெரியும்.

செம்பருத்தி

நம் தேசிய மலரை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். வெளியே புல்லி இதழ்கள் ஐந்தும் இணைந்து பச்சைக் கிண்ணம் போல இருக்கும். அதன் உட்புற அடிப்பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அங்கே நெருக்கமாக உள்ள நுண்ணிய தூவிகளே தேன் சுரப்பிகள். அதாவது, தேனைச் சுரப்பது சிவப்பு அல்லி இதழ் அல்ல, பச்சைப் புல்லி!

அல்லி இதழ்களுக்கு வெளியே சுரக்கும் தேனை, பூவுக்குள் வரும் பறவை எப்படிக் குடிக்கும்? ஐந்து அல்லி இதழ்களும் அடியில் மகரந்தத் தாள்களின் குழாயோடு ஒட்டியுள்ளன. ஆனால், அடுத்தடுத்த இதழ்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. தேனுக்கு வாசல் அவைதான். முன்பக்கமாக வந்து அங்கே அலகை நீட்டும் பறவையின் உடலில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும்.

வெட்சி (இக்சோரா)

வெட்சியில் நான்கு அல்லி இதழ்களும் கீழே இணைந்து, மெல்லிய நீண்ட குழாயாகின்றன. சூலகத்தின் உச்சியில், சூல்தண்டைச் சுற்றியுள்ள வட்டு தேனைச் சுரக்கிறது. குழாயின் அடியில் உள்ள அந்தத் தேன் குட்டை நாக்குப் பூச்சிகளுக்கு எட்டாது. பட்டாம்பூச்சியின் நீண்ட உறிஞ்சுகுழலுக்கு எட்டும்.

மொட்டில் நடப்பது என்ன?

இந்த வேறுபாடு பூ விரிவதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. மொட்டு வளரும்போது அடுத்தடுத்த இதழ்களின் அடிப்பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்தால் குழாய் உண்டாகும். அப்படிச் சேராவிட்டால் இடைவெளி இருக்கும். சுரப்பி உருவாவதற்கு மரபணுவும் தேவை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் செடியில் 'கிராப்ஸ் கிளா' என்ற மரபணு செயலிழந்தால், பூக்களில் தேன் சுரப்பிகளே தோன்றுவதில்லை.

கூலியா, களவா?

தேன் என்பது செடி ஒளிச்சேர்க்கையால் தயாரித்த சர்க்கரை. மகரந்தத்தைச் சுமப்பதற்கு அது தரும் கூலி என்றும் சொல்லலாம். ஆனால், தேன்சிட்டு சில வேளைகளில் செம்பருத்தியின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் துளைத்துத் தேனைக் குடித்துவிடும். அப்போது மகரந்தத்தையோ சூல்முடியையோ அது தொடுவதில்லை. கூலி போகிறது, வேலை நடப்பதில்லை. தேன் எவ்வளவு சுரக்கிறது என்பதோடு, அதை எடுக்க வருபவர் எந்த வழியாக வருகிறார் என்பதும் செடிக்கு முக்கியம்.

தேர்வில் 'பூவின் அமைப்புக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் உள்ள தொடர்பை விளக்குக' என்று கேட்டால், நிறத்தையும் மணத்தையும் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தேன் எங்கே சுரக்கிறது, வாசல் எது, அங்கே போகும் வழியில் எது உரசுகிறது ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

செய்து பாருங்கள்: காலையில் பத்துச் செம்பருத்திப் பூக்களின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். எத்தனை பூக்களில் துளை உள்ளது?