தென்னந்தோப்புக்குச் சிறு டிராக்டர் தெரிந்தெடுக்கும் முறை

தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகளில் பலர் இப்பொழுது சிறு டிராக்டர் வாங்க விரும்புகின்றனர். இவ்விருப்பம் காரணமின்றி எழுந்ததன்று. களை வெட்டுவதற்கும் மட்டை பொறுக்குவதற்கும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. உழவு மாடுகளும் தோப்புகளைவிட்டுப் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும், வாங்கிய யந்திரம் இரண்டொரு வருஷத்திற்குள் கொட்டகையில் நின்றுவிடுவதும், அதன்பொருட்டு வாங்கிய கடன் மட்டும் நில்லாமல் வளர்வதும் ஆங்காங்கே காணப்படுகின்றன. இது பெரும்பாலும் யந்திரத்தின் குற்றமன்று. நிலத்தை அளக்காமல் யந்திரத்தைத் தெரிந்தெடுத்ததே இதற்குக் காரணம்.

டிராக்டர் விற்குமிடத்தில் முதலாவதாகக் கேட்கப்படுவது, "எத்தனை குதிரைத்திறன்?" என்னும் கேள்வியே. அது உண்மையில் மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. யந்திரம் செல்ல வேண்டிய வழியின் அகலம் எவ்வளவு என்பது முதற் கேள்வி. வருஷத்தில் அதற்கு எத்தனை மணி நேர வேலை உண்டு என்பது இரண்டாவது. இவ்விரண்டிற்கும் விடை விற்பனையாளரிடம் இல்லை, தோப்பில்தான் இருக்கிறது.

இருபத்தைந்து அடிக்கு ஒரு கன்றாகச் சதுரமாக நட்ட தோப்பில் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள் நிற்கும். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தி எருவுக்கும் தண்ணீருக்கும் உரியது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து புறப்படும் எண்ணிறந்த நார்வேர்களில் சத்தை உறிஞ்சுபவை பெரும்பாலும் இந்த ஆறடிக்குள்ளேயே அடங்கியுள்ளன. ஆகையால் யந்திரம் இவ்வட்டத்திற்குள் புகலாகாது. இரு பக்கமும் ஆறாறு அடி கழித்தால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே 13 அடி மிஞ்சும். தனித் தென்னையாயின் எந்தச் சிறு டிராக்டரும், ஏன், பெரிய டிராக்டரும்கூட, இதில் தாராளமாகச் செல்லும்.

ஊடுபயிர் இருக்குமிடத்தில் நிலைமை வேறு. இரு தென்னை வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை கோக்கோ நட்டிருப்பதாகக் கொள்க. தென்னைக்கும் கோக்கோவுக்கும் இடைவெளி பன்னிரண்டரை அடி. தென்னையின் வட்டப்பாத்திக்கு ஆறடியும், கோக்கோவின் கிளைப் படர்ச்சிக்கு நான்கடியும் கழித்தால், மிஞ்சுவது இரண்டரை அடிதான். இவ்வழியில் புகக்கூடிய மிகக் குறுகலான டிராக்டர்களும் கடைகளில் உண்டு. ஆனால் அவற்றின் பின்னால் மாட்டும் கருவி டிராக்டரைக் காட்டிலும் அகலமாயிருக்கலாம். சக்கர இடைவெளி குறையக் குறையக் கவிழும் அபாயமும் மிகுதியாகும். இத்தகைய தோப்புக்குப் பவர் டில்லரோ, கையால் தள்ளிச் செல்லும் களை வெட்டும் யந்திரமோ தக்கது. வாழை, ஜாதிக்காய் முதலியன கலந்து நட்ட தோப்புகளையும் இவ்வாறே அளந்து பார்த்தல் வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. வாங்க உத்தேசித்துள்ள கருவியின் அகலத்தைக் கேட்டறிந்து, அதைவிட ஓரடி நீளமாக ஒரு மூங்கிற் கழியை வெட்டிக்கொள்ள வேண்டும். அக்கழியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு தோப்பு முழுவதும் ஒருமுறை நடந்தால், எங்கெங்கே முட்டுகிறது என்பது ஒரு காலைப் பொழுதில் விளங்கிவிடும். வேலியோரத்தில் திரும்புமிடம், சொட்டுநீர்க் குழாயின் வால்வுகள், வாய்க்காலின் குறுக்கே போட்ட கல், தாழ்ந்த கிளைகள் ஆகியவற்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். டிராக்டரைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதையெல்லாம் கேட்பதற்கு முன் இந்த நடையை முடித்துவிடுதல் சிலாக்கியம்.

அடுத்தபடியாக வேலையின் அளவு. தென்னை வரிசைகளின் இடைநிலத்தை ஆனி ஆடியிலும், மார்கழி தையிலுமாக வருஷத்திற்கு இரு முறை உழுவது சிபாரிசு செய்யப்பட்டுள்ளது. அதற்கு மேலும் ரோட்டவேட்டரை ஓட்டிக்கொண்டேயிருப்பது தோப்பு சுத்தமாகத் தோன்றுவதற்கு உதவுமேயன்றி மரத்திற்கு உதவாது. ஈரமுள்ள நிலத்தில் ஒரே ஆழத்தில் பலமுறை ஓட்டினால் கீழ்மண் இறுகித் தளம் போலாகிவிடும். வட்டத்திற்கு வெளியே ஓடும் வேர்களும் அறுபடும். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சையில் காணப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் எனப் பெயர் பெற்ற அடித்தண்டழுகல் நோய், மண்ணிலும் வேரிலும் தங்கும் காளானால் உண்டாவது. அந்நோய் கண்ட தோப்பில் உழுவதைத் தவிர்த்தல் வேண்டும். உழவு நோயுற்ற வேர்த்துண்டுகளையும் மண்ணையும் நல்ல மரத்தடிக்குக் கொண்டு சேர்த்துவிடும். மற்றக் காலங்களில் களையை வேரோடு பெயர்க்காமல் தரைக்குச் சற்று மேலே வெட்டி, வெட்டிய இடத்திலேயே மூடாக்காக விட்டுவிடுவது நல்லது. மண்ணின் ஈரம் காயாது. வெட்டிய களை மக்கி உரமாகும். ஆகவே தோப்புக்காரருக்கு வேண்டியது உழும் டிராக்டர் என்பதைவிட, புல் வெட்டும் கருவியைச் சுழற்றவும் வண்டி இழுக்கவும் வல்ல டிராக்டர் என்பதே பொருந்தும்.

பத்து ஏக்கர் தோப்பொன்றை உதாரணமாகக் கொள்க. வெட்டும் கருவி நான்கடி, அதாவது 1.2 மீட்டர் அகலம். வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். தடையின்றிச் சென்றால் ஒரு மணியில் 3,600 சதுர மீட்டர் முடியும். இது ஏறத்தாழ 0.9 ஏக்கர். திரும்புதலுக்கும், தடம் மேல் தடம் விழுவதற்கும், சிக்கிய மட்டையை எடுப்பதற்கும் நாலில் ஒரு பங்கு கழித்தால் ஏக்கருக்கு ஒன்றரை மணியாகும். பத்து ஏக்கருக்கு 15 மணி. இரண்டு உழவும் மூன்று களைவெட்டும் சேர்ந்து 75 மணி. நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை காய் இறக்கி ஏற்றுவதற்கு 50 மணியும், எருவடிக்க 10 மணியும் கூட்டினால், வருஷம் முழுவதிலும் 135 மணி நேர வேலையே உண்டு.

இனிச் செலவைக் காண்போம். கருவிகளோடு விலை ரூ. 4,00,000 என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், பத்து வருஷத்தில் பழைய யந்திரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு விலை கிடைப்பதாகக் கொண்டு தேய்மானம் வருஷத்திற்கு ரூ. 36,000. சராசரி மதிப்பின்மேல் நூற்றுக்குப் பத்து வட்டி ரூ. 22,000. இன்ஷூரன்ஸும் கொட்டகையும் ரூ. 2,000 என்றால் மொத்தம் ரூ. 60,000. யந்திரம் ஓடினாலும் நின்றாலும் இத்தொகை உண்டு. 135 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு ரூ. 444 ஆகிறது. டீசல், ஓட்டுநர் கூலி, பழுது ஆகியவை இதற்கு மேல். 15 குதிரைத்திறன் எஞ்சின் நடுத்தர வேலையில் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் டீசல் குடிக்கும். இதே யந்திரம் அயலார் தோப்புகளுக்கும் சென்று வருஷத்தில் 600 மணி ஓடுமாயின், நிற்கும் செலவு மணிக்கு ரூ. 100 ஆக இறங்கிவிடும். விவசாயிகள் தத்தம் ஊரில் வழங்கும் விலையையும் வட்டியையும் இக்கணக்கில் இட்டு, வரும் தொகையை உள்ளூர் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாடகை குறைவாயிருந்தால், வாங்காமலிருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது.

அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் நால்வர் கூடி ஒரு யந்திரம் வாங்குவது கணக்கிற்கு மிகவும் பொருந்தும். மனிதர்களுக்குப் பொருந்துமா என்பது வேறு. மழை விட்ட மறுநாள் நால்வருக்கும் அதே யந்திரம் வேண்டியிருக்கும். யார் எப்பொழுது எடுப்பது, உடைந்தால் யார் செலவு, ஓட்டுபவர் யார் என்பவற்றை வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தல் அவசியம். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் முன்னின்று உதவினால் பிற்கால வழக்குகள் பல ஒழியும்.

இவ்விரண்டு கேள்விகளும் தீர்ந்த பிறகே குதிரைத்திறனைப் பற்றி எண்ண வேண்டும். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்தில் ஓரடி தூக்கும் சக்தியே ஒரு குதிரைத்திறன் என ஜேம்ஸ் வாட் வகுத்தார். விளம்பரத்தில் காணப்படுவது எஞ்சினின் திறன். பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும்போது அதில் ஒரு பகுதி குறைந்துவிடும். இளகிய மண்ணில் சக்கரம் வழுக்குவதால் இழுக்கும் திறன் இன்னும் குறையும். ரோட்டவேட்டருக்கு அகலத்தில் அடிக்கு 5 அல்லது 6 குதிரைத்திறன் தேவை என்பது பொதுவான அனுபவம். களிமண்ணில் இன்னும் கூடுதலாக வேண்டும். நான்கடி ரோட்டவேட்டரை 15 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டினால் எஞ்சின் திணறும். புல் வெட்டும் கருவிக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஆகையால் தனித் தென்னைத் தோப்பில் உழவை வாடகைக்கு விட்டு, களைவெட்டையும் வண்டியையும் மட்டும் தாமே செய்துகொள்பவருக்குச் சிறு யந்திரமே போதும். மணற்பாங்கிலும் சரிவிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை மேலானது. சமமான செம்மண்ணில் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது அவசியமில்லை.

விற்பனையாளர் சொல்லும் திறனை யார் சோதிப்பது? இக்கேள்வி புதிதன்று. அமெரிக்காவில் நெப்ராஸ்கா ராஜ்யத்தில் வில்மாட் க்ரோஸியர் என்னும் விவசாயி தாம் வாங்கிய டிராக்டர் வாக்களித்தபடி வேலை செய்யாததால் மனம் நொந்தார். அவர் அந்த ராஜ்யத்தின் சட்டசபை அங்கத்தினராயுமிருந்தபடியால், சர்வகலாசாலையில் சோதிக்கப்படாத டிராக்டரை அங்கே விற்கலாகாது என்னும் சட்டம் 1919ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் நிறைவேறிற்று. 1920ஆம் ஆண்டிலிருந்து லிங்கன் நகரில் சோதனைகள் நடைபெற்று வருகின்றன. இந்தியாவில் இவ்வேலையை மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்தில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய பண்ணை யந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் செய்கிறது. அதன் சோதனை அறிக்கையில் பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், டீசல் செலவு ஆகியவை கண்டிருக்கும். வாங்குபவர் அவ்வறிக்கையைக் கேட்டுப் பார்க்க உரிமையுடையவர். அத்துடன், யந்திரத்தைத் தம் தோப்பிற்குக் கொண்டுவந்து ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். அதுவும் நல்ல தரையிலன்று, களை மிகுந்து மட்டை கிடக்கும் மூலையில். உதிரி பாகமும் மெக்கானிக்கும் அருகிலுள்ள நகரிலேயே கிடைக்காத யந்திரம் எவ்வளவு சிறந்ததாயினும் விலக்கத்தக்கது.

மேல்நாட்டுப் பங்களாத் தோட்டங்களில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளைக் கண்டு, அவற்றைத் தோப்புக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் கம்பளித் துணியின் பிசிர் சீவும் யந்திரத்தைப் பார்த்து 1830ஆம் ஆண்டில் முதல் புல்வெட்டியை அமைத்தார். அதன் வழிவந்த வண்டிகள் கல்லும் மேடுபள்ளமும் இல்லாத புல்தரைக்கென்றே ஏற்பட்டவை. அவற்றின் வெட்டும் தகடு வண்டியின் வயிற்றுக்கடியில் தரையையொட்டி இருக்கிறது. தேங்காய் மட்டையும் குரும்பையும் வாய்க்கால் வரப்பும் உள்ள இடத்தில் அது முதல் நாளே வளைந்துவிடும். பவர் டில்லரோ முரட்டு வேலைக்கு ஏற்றது, சேற்று வயலிலும் உழைப்பது. ஆனால் அதன் பின்னால் நடக்க வேண்டும். இரண்டடி அகலம் உழுதால் ஏக்கருக்கு ஆறரை கிலோமீட்டருக்கு மேல் நடையாகும். மூன்று ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு இது பெரிதன்று.

அபாயத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பி.டி.ஓ. தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று சுழல்கிறது. மூன்றங்குலக் கனமுள்ள அத்தண்டில் வேட்டியின் நுனி சிக்கினால், விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் சுற்றிக்கொள்ளும். நான்கு முழ வேட்டி முழுவதும் ஒரு விநாடிக்குள் உள்ளே போய்விடும்; கை எடுக்கவும் அவகாசமில்லை. ஆகையால் தண்டின் மேல் மூடியின்றி ஓட்டலாகாது. வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு இவற்றோடு யாரும் அருகில் நிற்கலாகாது. புல்வெட்டும் கருவி கல்லையும் சிரட்டையும் வெகுதூரம் வீசும். வேலை நடக்கையில் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் தோப்பைவிட்டு அகற்றிவிட வேண்டும். விழுந்த மரத்தை இழுக்கும்போது சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே கட்டினால் முன்சக்கரம் எழும்பி யந்திரம் பின்புறமாகப் புரளும். எப்பொழுதும் அச்சுக்குக் கீழுள்ள இழுவைக் கம்பியிலேயே கட்ட வேண்டும். ஓட்டுநரின் பின்னால் கவிழ்வுக் காப்பு வளைவு உள்ள டிராக்டரையே வாங்குதல் நலம். ஸ்வீடன் தேசம் 1959ஆம் ஆண்டிலேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிற்று. வளைவை நிமிர்த்தி வைத்து, இடுப்புப் பட்டையையும் மாட்டிக்கொண்டால்தான் அது பயன் தரும்.

மானியம் பெற விரும்புபவர்கள் சிட்டா, அடங்கல் நகல்களையும், சிறு குறு விவசாயிகளாயின் அதற்குரிய சான்றையும் கொண்டு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவ்வருஷத்து நிபந்தனைகளை அங்கே கேட்டறிந்து, அனுமதி வந்த பின்பே பணம் கட்டுதல் அவசியம். முன்னதாக வாங்கிவிட்டு மானியம் கேட்பது பெரும்பாலும் பலிக்காது. சான்றுக்கான விண்ணப்பங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தால், விதைப்புக்கும் உழவுக்கும் உரிய பருவம் தவறாதபடி அவற்றைத் தாமதமின்றி மேலே அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.