கசியாத பம்பை எதற்கு மாற்றுவது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பழைய டஸ்டர் டீசல் கார் வாங்கியிருக்கிறீர்கள். டைமிங் பெல்ட் மாற்றப் போன இடத்தில், வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். “ஒரு சொட்டுக்கூடக் கசியாத பம்ப். என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அவர் சொல்வது சரிதான். மாற்றிவிடுங்கள்.

உங்கள் வண்டியின் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பெல்ட்டை மாற்றப் பிரிக்கும் பாகங்களைத்தான் பம்பை மாற்றவும் பிரிக்க வேண்டும். இதில் பம்பின் விலையைவிடக் கழற்றி மாட்டும் கூலிதான் கனம். இன்று பம்பை விட்டுவைத்து அது ஆறு மாதம் கழித்து ஒழுகினால், அதே கூலியை இன்னொரு முறை கொடுப்பீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட் பல் தாண்டும், அல்லது அறுந்துபோகும். இந்த இன்ஜினில் அப்படி நடந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு பம்பின் விலையைப் பற்றிப் பேச்சே இருக்காது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பம்ப் வெளியே இருந்து, பேன் பெல்ட்டில் ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. அவற்றில் கிலோமீட்டர் கணக்குக்காகப் பம்பை மாற்ற வேண்டியதில்லை; அறிகுறி தெரிந்த பிறகு மாற்றினால் போதும்.

“எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?” என்பது உங்கள் அடுத்த கேள்வி. பொதுவாக 1 லட்சம் முதல் 1.5 லட்சம் கிலோமீட்டர் வரை என்பார்கள். ஆனால் 50 ஆயிரத்திலேயே போன பம்பும் உண்டு, 2 லட்சம் தாண்டியதும் உண்டு. இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம், நாம் உள்ளே ஊற்றும் தண்ணீர்.

பம்புக்குள் சுழலும் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. அதன் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உரசாமல் காப்பது இடையில் நிற்கும் மெல்லிய கூலன்ட் படலம். தரமான கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்துகள் கலந்திருக்கும். போர் தண்ணீரை ஊற்றினால் அந்தப் பாதுகாப்பு நீர்த்துப்போகும், உப்பு படியும், துருத்துகள் சீல் முகத்தைக் கீறும். கூலன்ட் குறைந்த நிலையிலேயே ஓட்டினால் சீல் காய்ந்து கருகும். சீல் விட்டால் கசிவு பேரிங்கைத் தொடும். பம்ப் சாவது இப்படித்தான்.

பம்பின் உடம்பில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீலைத் தாண்டி வரும் கூலன்ட், பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்கான வழி அது. அங்கே லேசாகக் காய்ந்த தடம் தெரிந்தால் பதற வேண்டாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் பம்ப் முடிந்தது என்று அர்த்தம். எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். உங்கள் வண்டியில் அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. டைமிங் கவருக்குள் மறைந்திருக்கும். அதனால் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்கைப் பாருங்கள். மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். வாரா வாரம் குறைந்துகொண்டே போனால் டாப் அப் செய்து ஏமாறாமல், எங்கே போகிறது என்று தேடச் சொல்லுங்கள். இன்ஜின் வேகத்தோடு கூடும் முனகல் சத்தமும் பேரிங் தேய்வதைச் சொல்லும்.

புதுப் பம்ப் மாட்டும்போது பழைய கூலன்ட்டை மறுபடி ஊற்ற விடாதீர்கள். நிறத்தைப் பார்த்து வாங்காமல், வண்டியின் கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலக்கலாம். உள்ளே தங்கும் காற்றையும் முழுசாக வெளியேற்றச் சொல்லுங்கள். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடக் கூடாது. அது இனிக்கும் விஷம். நாய்களும் குழந்தைகளும் வாய் வைத்துவிடும்.

வழியில் வெப்ப முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. “பக்கத்து ஊர் வரை ஓட்டிவிடலாம்” என்ற ஆசையில்தான் ஹெட் வளைந்து கேஸ்கட் போகிறது. கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கிக் காட்டுவதையும் நம்பாதீர்கள்.

ஆகவே, பெல்ட்டோடு பம்பையும் மாற்றுங்கள். கழற்றிய பழைய பம்பைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே துருவும் உப்பும் படிந்திருந்தால் முந்தைய சொந்தக்காரர் என்ன ஊற்றினார் என்று தெரிந்துவிடும். நீங்கள் அதை ஊற்றாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்