செல்லப்பெயரும் கொச்சைச் சொல்லும்: எழுத்துக்கூட்டல் காட்டும் வரலாறு

ஆங்கிலப் பாடக் கதையில் ஒரே ஆள் ஓரிடத்தில் ராபர்ட் என்றும் அடுத்த பத்தியில் பாப் என்றும் வந்தால், மாணவர்கள் இருவர் என்றே எண்ணிவிடுவதுண்டு. வில்லியம் – பில், ரிச்சர்ட் – டிக், மார்கரெட் – பெகி ஆகியவையும் அப்படியே. ‘ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு விடை உண்டு. பிரிட்டனின் செல்லப்பெயர்களும் கொச்சைச் சொற்களும் பேச்சில் பிறந்தவை. எழுத்து வடிவம் பின்னர் வந்தது. இதை மனத்தில் கொண்டால் பலவற்றை எளிதாக விளக்கலாம்.

பெயர் குறுகும் முறை

தஞ்சாவூர் தஞ்சை ஆவதை மரூஉ என்கிறோம். ராபர்ட் என்பதும் முதலில் ராப் எனக் குறுகியது. குறுகிய பெயரின் முதல் ஒலியை மாற்றி, ஒத்து ஒலிக்கும் வேறு பெயர்களை ஆக்குவது இடைக்கால இங்கிலாந்தில் வழக்கம். அவ்வாறு ராப் என்பதிலிருந்து ஹாப், டாப், பாப் ஆகியவை பிறந்தன. ரிக் டிக் ஆயிற்று. வில் பில் ஆயிற்று. ராப்சன், ஹாப்சன், டாப்சன் ஆகிய குடும்பப்பெயர்கள் மூன்றுக்கும் ‘ராபர்ட்டின் மகன்’ என்பதே பொருள்.

‘நிக்நேம்’ என்ற சொல்லின் கதையும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஈக்’ என்றால் கூடுதல். ‘ஆன் ஈக்நேம்’ என்றால் ஒரு கூடுதல் பெயர். விரைந்து பேசும்போது முன்சொல்லின் ‘ன்’ பின்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. அதனால் ‘நீக்நேம்’ என்றாகி, இன்று ‘நிக்நேம்’ ஆகியுள்ளது. ‘மைன் எட்’ (என் எட்) என்று அழைத்ததிலிருந்தே எட்வர்டுக்கு நெட் என்ற பெயர் வந்தது.

குழுவுக்குள் வழங்கிய சொற்கள்

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி என்று இலக்கணத்தில் கற்பிக்கிறோம். 19ஆம் நூற்றாண்டு லண்டனின் தள்ளுவண்டி வணிகர்களும், வாங்க வருவோருக்குப் புரியாதபடி சொற்களைத் தலைகீழாக்கிப் பேசினர். ‘பென்னி’ என்ற நாணயம் ‘யெனெப்’ ஆயிற்று. ‘பாய்’ என்பதன் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் ‘யாப்’. முதலில் வெறும் பையனைக் குறித்த இச்சொல், இன்று முரட்டு இளைஞனைக் குறிக்கும் வசைச்சொல்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒத்த ஒலியுள்ள தொடரால் பொருளை மறைத்தனர். ‘லுக்’ (பார்வை) என்பதற்குப் பதிலாக ‘புட்சர்ஸ் ஹுக்’ (கசாப்புக்காரரின் கொக்கி) என்றனர். பின்னர் ‘ஹுக்’ மறைந்து ‘புட்சர்ஸ்’ மட்டும் நின்றது. அதன் இறுதி ‘எஸ்’ எழுத்துக்கு முன் இடும் மேற்கமா, விடுபட்ட சொல்லுக்கான அடையாளமாக இன்றும் இருக்கிறது.

செவி வழி வந்த எழுத்துக்கூட்டல்

1863இல் இங்கிலாந்தில் தொடங்கிய கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி ஆடிய ஆட்டம் ‘அசோசியேஷன் ஃபுட்பால்’ எனப்பட்டது. அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்து ‘சாக்கர்’ என்றனர். ஒற்றை ‘சி’ எழுதினால், அடுத்து ‘இ’ வருவதால் ‘ஸ்’ என ஒலித்துவிடும். இரட்டை ‘சி’ வடிவம் ‘க்’ ஒலியைக் காக்கிறது. தொடக்க காலத்தில் இதைச் ‘சி-கே’ என்று எழுதியவர்களும் உண்டு.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், அயல்நாட்டைச் சார்ந்தது எனப் பொருள்படும் ‘விலாயதி’ என்ற உருதுச் சொல்லைக் கேட்டுத் தங்கள் தாய்நாட்டை ‘பிளைட்டி’ என்றனர். அதை ‘லைட்’, ‘நைட்’ போல, ஒலிக்காத ‘ஜி-எச்’ சேர்த்து எழுதினர். அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் இது நம் நாட்டிலிருந்து போன சொல் என்றே தோன்றாது.

கதையைச் சோதிப்போம்

லண்டன் காவலரை ‘பாபி’ என்பதற்குச் சான்று உறுதியானது. 1829இல் அந்நகரக் காவல்படையை அமைத்த உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல். ‘பாபி’ அவருடைய முற்பெயரிலிருந்தும், ‘பீலர்’ அவருடைய குடும்பப்பெயரிலிருந்தும் வந்தவை.

‘பாஷ்’ (பகட்டான) என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. இந்தியாவுக்குப் போகும்போது கப்பலின் இடப்புறமும், திரும்பும்போது வலப்புறமும் வெயில் படாத அறைகள். அவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் செல்வந்தரின் பயணச்சீட்டில் அச்சிட்டனராம். அத்தகைய சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அகராதி அறிஞர்கள் இக்கதையை ஏற்பதில்லை. முதலெழுத்துகளால் ஆன சொல் என்று கூறும் பழங்கதைகள் பெரும்பாலும் பின்னாளில் கட்டியவை. வகுப்பில் ஆசிரியர் சொன்னது மாணவர் மனத்தில் வாழ்நாள் முழுதும் தங்கும். எனவே சுவைக்காக இத்தகைய கதைகளை உண்மையென்று சொல்லிவிடக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, தங்கள் ஊரில் வழங்கும் ஐந்து மரூஉப் பெயர்களையும் பாடநூலில் உள்ள ஐந்து ஆங்கிலச் செல்லப்பெயர்களையும் பட்டியலிடச் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாக்கள்: எந்த ஒலி குறைந்தது அல்லது மாறியது? எழுத்து அதைக் காட்டுகிறதா, மறைக்கிறதா? சொல்லப்படும் கதைக்குச் சான்று என்ன? பிறர் மனம் நோகும் பட்டப்பெயர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பதை முதலிலேயே கூறிவிடுவது நல்லது.