மிஸ்ஸிங் அடித்தால் பெட்ரோலைத் திட்டலாமா?

மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இன்றும் ஓடும் பழைய மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் ஒரே வகை என்ஜின்தான்: 796 சிசி, மூன்று சிலிண்டர். அது மிஸ்ஸிங் அடித்தால், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் உதறினால், முதலில் வருவது, "பங்க்கில் பெட்ரோல் சரியில்லை" என்ற தீர்ப்பு.

மூன்று சிலிண்டருக்கும் ஒரே டேங்க் பெட்ரோல்தான் போகிறது. அது கெட்டிருந்தால் மூன்றுமே தடுமாறும். வண்டி ஒரே தாளத்தில் விடாமல் உதறினால், பெரும்பாலும் ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துவிட்டது என்று பொருள். 20 சதவீத எத்தனால் கலப்பின் மீதும் இதே பழி விழுகிறது. எத்தனாலில் லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் இறங்கும். பழைய ரப்பர் குழாய்களும் கெடலாம். ஆனால் எத்தனால் ஒரு சிலிண்டரை மட்டும் தேடிப்பிடித்து அணைக்காது.

"பிளக்கை மாற்றினால் போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. ஏரியும் கடலும் சூழ்ந்த ஊர்களில் உப்புக்காற்று பித்தளை, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏற்றும். வெடித்த பிளக் வயரில் ஈரம் இறங்கினால், மின்சாரம் பிளக்கை எட்டாமல் வழியிலேயே என்ஜின் உடலுக்குத் தாவிவிடும். இரவில் பானெட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது கை வைக்காமல் பார்த்தால், வயரோரம் நீலப்பொறி தெரியும். பல ஆயிரம் வோல்ட் பாயும் இடம் அது, தொடவே கூடாது. இந்த நிலையில் எத்தனை புது பிளக் போட்டாலும் காசுதான் வீண்.

ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் கார்களில் இன்னொரு தவறு நடக்கிறது. பி0301 என்ற குறியீடு முதல் சிலிண்டர் எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவில்லை. சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் உள்ள காரில், முதல் காயிலை இரண்டாவதில் மாட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0302 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்து தேட வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காயில் வாங்கச் சொல்வது நியாயமே இல்லை.

"பிக்கப் போனால் என்ஜின் போச்சு, ரீபோர்தான்" என்பதுதான் பர்ஸைக் காலி செய்யும் நம்பிக்கை; ரீபோர் என்றால் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. என்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் வழுக்குவது கிளட்ச். தூசி அடைத்த ஏர் ஃபில்டரும், விடாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக்கும் இழுவையைக் குறைக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்கலாம். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். அதற்கு ரீபோர் தேவையில்லை.