குழலுக்குள் ஒளிந்த கசடு

கேள்வி: பழைய வேட்டைத் துப்பாக்கிக் குழல்களை உலையில் பற்றவைத்தே செய்தார்களாமே, குறை வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

பதில்: 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லீஜ் நகரமும் இங்கிலாந்தின் பர்மிங்காமும் இதற்குப் பேர்போனவை. இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிப் பட்டையாக்கி, ஒரு தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். ‘டமாஸ்கஸ் குழல்’ என்பது இதுதான்.

இதில் வில்லன், கசடு. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் ஆக்சைடு படியும். இரு சுற்றுகளுக்கு நடுவே அது சிக்கிக்கொண்டால் வெளியே அழகு, உள்ளே பிளவு. அதைக் கரைக்க வெண்காரம் போன்றவற்றைத் தூவினார்கள். சுத்தியல் அடியில் கசடு வழிந்து வெளியேறும். சூடு குறைந்தால் ஒட்டாது, மிஞ்சினால் உலோகமே கருகி நொறுங்கும்.

சூட்டை அளந்தது கொல்லரின் கண். கண்ணை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் பற்றவைப்பு இல்லை, வெறும் அடிப்பு வேலைதான். அங்கேயும் கண் மதிப்பால் எஃகு கருகி, 1917இல் சில ரைபிள்கள் வெடித்தன. பிறகுதான் வெப்பமானி வந்தது.

பர்மிங்காமில் 1813இல் சட்டப்படி சோதனைச்சாலை வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக மருந்து கெட்டித்துச் சுடுவார்கள். தாங்கிய குழலுக்கே முத்திரை. அதுவும் அன்றைய கருமருந்துக்குத்தான். அந்தக் குழலில் இன்றைய புகையில்லாத் தோட்டாவைப் போடுவது வம்பு.