ஊவா மலைகளும் வானொலிப் பேச்சும்: தனிப் பக்கப்பட்டைக் கருவியைத் தெரிதலும் கையாளுதலும்

செய்தி விரைந்து செல்லுதல் சமவெளியில் வாழ்வார்க்கு வசதி. மலையில் வாழ்வார்க்கோ அது பல வேளைகளில் உயிர். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் முன்னாளில் தப்பால்காரர் பையைத் தோளிற் சுமந்து மலையேறி இறங்கினார். பின்னர்த் துரை பங்களாவிற்கும் தொழிற்சாலைக்கும் தொலைபேசிக் கம்பி வந்தது. இன்று லயத்து வீடுகளிலும் கைத்தொலைபேசி ஒலிக்கின்றது. ஆயினும் மழை கனத்து, மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிடின், அத்தனை கைத்தொலைபேசிகளும் ஒருங்கே ஊமையாகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நம் நாட்டைத் தாக்கியபோது மலைநாட்டில் மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன, பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் அற்றது. நம் மாவட்டமும் அத்துயரிற் பெரும்பங்கு கொண்டது.

கோபுரத்தையும் கம்பியையும் நம்பாது ஒரு கருவி மற்றொரு கருவியோடு நேரே பேசும் முறை வானொலிப் பேச்சு. அதில் தனிப் பக்கப்பட்டை என்னும் முறை சிறந்தது என்பர். அதன் சிறப்பு எத்தகையது, நம் மலைகளில் அஃது எவ்வளவு பயன் தரும், கருவி வாங்குவோர் கருதவேண்டியவை யாவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். தமிழாசிரியர்க்கு இத்துறையில் யாது வேலை என ஐயுறுவார்க்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் கிடைக்கும்.

தனிப் பக்கப்பட்டை என்பது யாது?

நம் குரலின் அதிர்வு தானே வெளியிற் பரந்து நெடுந்தொலைவு செல்லாது. ஆகலின் விரைந்து அதிரும் ஒரு காவி அலையின்மீது அதனை ஏற்றி அனுப்புகின்றோம். வீச்சப் பண்பேற்றம் என்னும் பழைய முறையில் மூன்று பொருள்கள் வெளிச்செல்கின்றன: நடுவே காவி அலை, அதன் மேலும் கீழும் குரலைத் தாங்கிய இரு பக்கப்பட்டைகள். இரு பட்டைகளும் ஒரே செய்தியையே தாங்குவன. காவி அலையோ ஒரு செய்தியும் தாங்குவதில்லை.

ஒரு கணக்குக் காண்போம். காவி அலையின் ஆற்றல் 4 வாற்று எனக் கொள்க. முழுமையாகப் பண்பேற்றும்போது பக்கப்பட்டை ஒவ்வொன்றிற்கும் 1 வாற்று வீதம் கூடி மொத்தம் 6 வாற்று ஆகும். அவ்வாறில் செய்திக்கு உண்மையில் வேண்டுவது 1 வாற்றே. ஒரு கடிதத்தை அனுப்ப அதன் படியொன்றையும், இரண்டையும் சுமக்க ஒரு மாட்டுவண்டியையும் உடன் அனுப்புவது போன்றது இம்முறை. காவி அலையையும் ஒரு பட்டையையும் நீக்கி, எஞ்சிய ஒரு பட்டைக்கே ஆற்றல் முழுவதையும் கொடுப்பது தனிப் பக்கப்பட்டை முறை. மேற்பட்டையை அனுப்பினும் கீழ்ப்பட்டையை அனுப்பினும் பயன் ஒன்றே. பேசுவோரும் கேட்போரும் ஒரே பட்டையில் இருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் நன்மைகள் மூன்று. ஆற்றல் வீணாகாமையின் பேச்சு மேலும் தொலைவு செல்லும். பட்டையின் அகலம் பாதியாகக் குறைவதால் கேட்கும் கருவியுள் புகும் இரைச்சலும் குறையும். சொல்லுக்குச் சொல் இடையே மௌனமாயிருக்கும்போது அலை வெளிச்செல்லாமையின் மின்கலம் நெடுநேரம் உழைக்கும். மின்சாரமற்ற மழையிரவில் மூன்றாவது நன்மையே முதன்மையானது.

இம்முறை புதியதன்று. ஜோன் கார்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1915இல் இதற்கு உரிமம் கோரினார். 1927 ஜனவரி 7ஆம் நாள் நியூயோர்க்கிற்கும் இலண்டனுக்கும் இடையே தொடங்கிய வானொலித் தொலைபேசி இம்முறையிலேயே இயங்கியது. அமெரிக்காவில் 1958இல் 27 மெகாஹேட்ஸ் பகுதியில் பொதுமக்களுக்கென ஓர் அலைவரிசை ஒதுக்கப்பட்டது. சீபீ எனப்படுவது அதுவே. 1977இல் அதன் தடங்கள் 40 ஆயின. அங்கே வீச்சப் பண்பேற்றத்திற்கு 4 வாற்றும், தனிப் பக்கப்பட்டைக்கு உச்ச அளவில் 12 வாற்றும் எல்லை.

மலை செய்யும் தடை

இனி நம் நாட்டு மலையைக் கருதுவோம். 27 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர். இத்தகைய அலை பெரும்பாலும் நேரே செல்வது. மேட்டை ஓரளவு வளைந்து கடப்பினும் பெருமலையைக் கடவாது. 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை குறுக்கே நிற்குமாயின் 12 வாற்று அன்று, அதன் பன்மடங்கும் பயன்படாது. கொஸ்லாந்தைச் சரிவிலிருந்து பதுளைப் பள்ளத்திற்கு நேரே பேச முயல்வார் இடைநிற்கும் மலைத்தொடரோடு வழக்காடுவார் ஆவர். தனிப் பக்கப்பட்டை தொலைவை வெல்லும், மலையை வெல்லாது. இதனை முதற்பாடமாகக் கொள்க.

மலையை வெல்ல இரு வழிகள் உள. ஒன்று, மலையையே துணையாகக் கொள்ளுதல். அப்புத்தளை மலைமுகட்டில் ஒருவர் கருவியோடு அமர்வாராயின் தெற்கே அல்துமுல்லைச் சரிவும் வடக்கே பண்டாரவளைப் பக்கமும் அவர்க்குத் திறந்து கிடக்கும். கீழிருந்து வரும் செய்தியைக் கேட்டு மறுபக்கத்தார்க்கு அவர் திருப்பிச் சொல்லலாம். ஒவ்வொரு பள்ளத்திற்கும் ஒரு முகட்டுக் காவலர் என்னும் ஏற்பாடு விலையுயர்ந்த கருவியினும் மேலானது.

மற்றொன்று, வானத்தைத் துணையாகக் கொள்ளுதல். பகலில் 7 மெகாஹேட்ஸ் பகுதியிலும் இரவில் 3.5 மெகாஹேட்ஸ் பகுதியிலும் செங்குத்தாக மேலேறும் அலை, அயன மண்டலத்தில் திரும்பிச் சுற்றிலும் பல நூறு கிலோமீற்றர் வட்டத்தில் மழைபோல் இறங்கும். அதற்குப் பள்ளமும் மேடும் ஒன்றே. ஏறத்தாழ 20 மீற்றர்க் கம்பியை இரு மரங்களுக்கிடையே தாழக் கட்டினால் 7 மெகாஹேட்ஸிற்குப் போதும். ஆனால் இப்பகுதிகள் அமெச்சூர் வானொலியாளர்க்கு உரியவை. தேர்வெழுதி உரிமம் பெற்றோரே அங்குப் பேசலாம்.

இவ்வழியின் ஆற்றலை உலகம் 2004 டிசம்பர் 26இல் கண்டது. ஆழிப்பேரலை தாக்கிய அன்று அந்தமானின் போட் பிளேயரில் இந்திய அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் தம் குழுவோடு தங்கியிருந்தார். தொலைபேசி அற்ற தீவிலிருந்து அவர் கருவியே செய்தி தந்தது. நம் நாட்டிலும் இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டையிற் சிற்றலைக் கருவி நிறுவிக் கொழும்போடு பேசினர்.

கருவியைத் தெரிதல்

வாங்குவோர் கருதவேண்டியவை:

1. மேற்பட்டை, கீழ்ப்பட்டை, வீச்சப் பண்பேற்றம் மூன்றும் உள்ளதா என நோக்குக. அயலார் கருவி பழைய முறையினதாயின் அவரோடு அம்முறையிலேயே பேச வேண்டிவரும்.

2. நுண்ணிசைவுக் குமிழ் உள்ளதா என நோக்குக. காவி அலை இன்மையாற் கேட்கும் கருவி அதனைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். சிறிது பிசகினும் குரல் வாத்தின் குரல்போற் கேட்கும். குமிழை மெல்லத் திருப்பினால் மனிதக் குரல் மீளும்.

3. இரைச்சலை அடக்கும் அமைப்பு வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்கள் அருகிருப்பின் இதன் அருமை விளங்கும்.

4. ஏரியலுக்கும் பணம் ஒதுக்குக. 27 மெகாஹேட்ஸிற்குக் காலலை ஏரியல் ஏறத்தாழ 2.7 மீற்றர் நீளும். குறுகிய ஏரியல் வண்டிக்கு வசதி, வீட்டிற்கு நட்டம். ஏரியல் பொருந்தியுள்ளதா எனக் காட்டும் மானியின்றிப் பேசத் தொடங்கற்க. பொருந்தா ஏரியல் கருவியையே பழுதாக்கும்.

5. 12 வோல்ற்று மின்கலத்தில் இயங்குவதும், மின்கலத்தைச் சூரியத் தகட்டாற் புதுப்பிக்கக்கூடியதுமான ஏற்பாடே நமக்கு ஏற்றது.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் மலைகளில் இடி மிகுதி. இடி கேட்டவுடன் பேச்சை நிறுத்தி ஏரியலைக் கருவியினின்று கழற்றி வெளியே விடுக.

உரிமம்

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி ஒலி அனுப்பும் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இன்றியமையாதது. இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹேட்ஸ் வரை 5 வாற்றுக்குள் உரிமமின்றிப் பேச 2005ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. அதுகொண்டு இங்கும் அவ்வாறே எனக் கருதி வெளிநாட்டிலிருந்து கருவி கொண்டுவருதல் தகாது. வாங்குமுன் அலைவரிசையையும் ஆற்றலையும் எழுதி ஆணைக்குழுவிடம் கேட்டறிக.

சொல்லும் முறை

கருவி நன்றாயினும் சொல் நன்றாயிராவிடிற் பயனில்லை. இவ்விடத்திலேதான் தமிழாசிரியர்க்கு வேலை உண்டு.

தமிழ் வாக்கியத்தின் உயிர் அதன் இறுதியிலுள்ள வினைமுற்று. காலம், இடம், உடன்பாடு, எதிர்மறை யாவும் அங்கேயே வெளிப்படும். "பாதை திறக்கப்பட்டது", "பாதை திறக்கப்படவில்லை" என்னும் இரண்டும் முற்பாதியில் ஒன்றே. பேசுவோர் அவசரத்தில் விசையைச் சொல் முடியுமுன் விடுவாராயின் "இல்லை" அறுந்துபோம். மூடிய பாதையில் வண்டி புறப்பட்டுவிடும். ஆகலின் எதிர்மறையைத் தனியே பிரித்து இருமுறை கூறுக: "பாதை திறந்ததா? இல்லை, இல்லை." சொல்லி முடித்தபின் ஒரு மூச்சு அளவு பொறுத்தே விசையை விடுக.

எண்ணுப்பெயர்களிலும் இடருண்டு. இருபது, அறுபது, எழுபது என்பவை முடிவில் ஒத்தவை. முதலெழுத்தை இரைச்சல் விழுங்கினால் இருபது குடும்பம் அறுபதாகும். ஆறும் நூறும் அவ்வாறே மயங்கும். எனவே எண்ணைச் சொன்னபின் இலக்கம் இலக்கமாகவும் சொல்லுக. இக்கருவிகள் குரலின் 300 முதல் 3,000 ஹேட்ஸ் வரையிலான பகுதியையே பெரும்பாலும் அனுப்புவன. ஆகலின் சகரத்தின் கூரிய ஒலி மழுங்கும். லகர, ளகர, ழகர வேறுபாட்டையும் நம்பற்க. மயக்கம் தரும் ஊர்ப்பெயரை அரிச்சுவடி முறையில், "அம்மா அ, படம் ப" என எழுத்தெழுத்தாகக் கூறுக. எம் வகுப்பிற் கதவுக்கு அப்பால் ஒரு மாணவரை நிறுத்தி ஊர்ப்பெயர்களையும் எண்களையும் வாசிக்கச் செய்து, ஏனையோர் கேட்டதை எழுதுமாறு பணிப்பதுண்டு. கருவியின்றியே செய்யத்தக்க நற்பயிற்சி இது.

செய்தி இவ்வாறு அமைக:

"கொஸ்லாந்தை பேசுகின்றது. காலை ஆறு மணி. நேற்றுக் காலை முதல் மழை நூற்றுப்பத்து மில்லிமீற்றர். ஒன்று, ஒன்று, பூச்சியம். மேல் லயத்தின் பின்புறம் நிலத்தில் புதிய வெடிப்பு. பன்னிரண்டு குடும்பங்கள், ஒன்று, இரண்டு. நடக்க இயலாதவர் ஒருவர். வண்டி வேண்டும். ஓவர்."

இடம், நேரம், நிகழ்ந்தது, தொகை, வேண்டுவது என்னும் ஐந்தும் இதில் அடங்கின. மழையளவு ஏன் எனின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையை விழிப்பிற்கும், 100ஐ ஆயத்தத்திற்கும், 150ஐ வெளியேற்றத்திற்கும் அளவாகக் கொள்கின்றது. கேட்டவர் செய்தியைத் திரும்பச் சொல்ல, அனுப்பியவர் சரியென்ற பின்னரே அது சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.

முடிவுரை

2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை நாம் மறவோம். அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. செய்தி மட்டும் போதாது; கேட்டவர் பெயர்ந்து செல்லப் பாதுகாப்பான நிலமும் வீடும் வேண்டும். அதனை எந்த வானொலியும் தராது. அதற்குரிய கோரிக்கை வேறு, அதனையும் நாம் விடுதல் கூடாது. ஆயினும் மழையிரவில் எழுந்து ஓட வேண்டிய கணத்தை ஒரு லயத்தார்க்கு அறிவிக்கும் பணி நம்மால் இயல்வது.

ஆகலின், பழைய மாணவர்களே, இவ்விழாவையொட்டி நம் கல்லூரியில் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக் கழகமொன்று அமைய உதவுவீராக. ஒரு கருவி, ஒரு கம்பி, ஒரு மின்கலம், தேர்விற்குக் கற்பிக்க ஒருவர். தொடக்கத்திற்கு இவை போதும். மாணவர்களே, பௌதிகத்தை அறிவியல் ஆசிரியரிடமும் சொற்றெளிவை எம்மிடமும் கற்றுக்கொள்க. தோட்டத்திலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நீவிரே நாளை அத்தோட்டங்களின் குரலாகத் தக்கீர்.