ஆறிப்போன சாறு

ஒரே போஜனசாலையில் மூன்று முறை சாப்பிட்டு மூன்று முறையும் ஏமாந்தவன் அதை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் விவேகம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆயினும், பாரீஸ் நகரத்து 13-ஆம் வட்டாரத்தில், ஷுவாஸி அவென்யூவை ஒட்டிய சந்தொன்றில் இருக்கும் அந்த வியத்நாமியக் கடைக்கு நான் கொடுத்த பணம் வாசகர்களுக்காவது கொஞ்சம் பிரயோஜனப்படட்டும் என்ற எண்ணத்தினால் சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை போனது மழை பெய்த ஒரு ராத்திரி, மணி ஒன்பதரை. உட்கார்ந்ததும் கொடுத்த சீட்டில் 114 பதார்த்தங்கள் இருந்தன. பீக்கிங் வாத்து, தாய்லாந்து சூப், வியத்நாமிய ஃபோ எல்லாம் ஒரே அட்டையில் அடுத்தடுத்து நின்றதைக் கண்டு, அற்பனாகிய நான் சந்தோஷப்பட்டேன். இந்தக் கலப்புக்கு நியாயம் இல்லாமலில்லை. 1975-க்குப் பிறகு வியத்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய தேசங்களிலிருந்து அகதிகளாக வந்து அங்குள்ள உயரமான அடுக்கு வீடுகளில் குடியேறியவர்களில் கணிசமானவர் சீன வம்சத்தவர். ஆனால் சரித்திர நியாயம் வேறு, அடுப்பு நியாயம் வேறு. 114 பதார்த்தங்களுக்கும் ஒரு சின்னச் சமையலறையில் தனித்தனியே சிரத்தை கிடைக்குமா என்று அன்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

ஃபோ என்று நாம் எழுதுவதை வியத்நாமியர் ஏதோ சந்தேகம் கேட்பவர்போல் குரலைத் தாழ்த்தி ஏற்றிச் சொல்கிறார்கள். மாட்டெலும்பை மணிக்கணக்காகச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, நெருப்பில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் சேர்த்து, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய ஏலக்காய் ஆகியவற்றின் வாசனை ஏற்றி, மீன்சாற்றினாலும் கற்கண்டினாலும் ருசியைச் சமன் செய்து இறக்கும் தெளிந்த சாறுதான் அதன் ஜீவன். பச்சை இறைச்சியை மெல்லிய தகடாகச் சீவி நூடுல்ஸின் மேல் பரப்பி, அந்தச் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், ரோஜா நிறம் கண்ணெதிரே மங்கிச் சாம்பல் நிறமாக வேண்டும். என் கிண்ணத்திலோ இறைச்சி முன்பே வெந்து, பழுப்பேறி, ஓரம் சுருண்டு கிடந்தது. கிண்ணத்தின் விளிம்பில் கொழுப்பு வெள்ளை வளையமாக உறைந்திருந்தது. பக்கத்துத் தட்டில் ஓரம் கறுத்த புதினா நாலு இலை, வால் பழுத்த முளைப்பயறு ஒரு பிடி, அவ்வளவுதான். நான் அதையெல்லாம் உற்றுப் பார்க்காமல், மேஜைமேல் இருந்த இனிப்புச் சாஸையும் மிளகாய்ச் சாஸையும் தாராளமாகப் பிழிந்து, அந்த இனிப்பையே ருசியென்று குடித்துவிட்டு, 12 யூரோ கொடுத்து வந்தேன்.

இரண்டாம் முறை தைரியம் வந்து, சாறு ஆறியிருக்கிறது என்று வினயமாகச் சொன்னேன். பரிமாறிய பிள்ளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிண்ணத்தை உள்ளே எடுத்துப் போனான். மைக்ரோவேவ் மணியடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கிண்ணம் கையைச் சுட்டது, சாறு மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

மூன்றாம் முறை ஏன் போனாய் என்று கேட்டால் என்னிடம் கௌரவமான பதில் இல்லை. சாறே இல்லாத போபூனை வரவழைத்தால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். சலாத் இலையின் மேல் குளிர்ந்த அரிசிச் சேமியா, அதன்மேல் சூடாக வதக்கிய மாட்டிறைச்சி, நெம் என்னும் பொரித்த சுருள், வேர்க்கடலை என்று பாரீஸ்காரர்கள் பிரியமாகச் சாப்பிடும் பதார்த்தம் அது. வந்ததோ, ஃபிரிட்ஜில் வைத்த இடியாப்பம்போல் கட்டிதட்டிய சேமியா. முன்கூட்டியே ஊற்றிய மீன்சாற்றில் துவண்டுபோன இலை. ஏற்கெனவே பொரித்ததை மறுபடி பொரித்த நெம். கடித்தால் மேல்தோல் ஓடுபோல் உடைந்தது, உள்ளேயிருந்த கண்ணாடிச் சேமியாவும் காளானும் ஜில்லென்று நாவில் பட்டன. இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் போபூனுக்கு மீன்சாற்றைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இந்தத் துக்கத்தை நண்பரின் தாயாரிடம் பிரஸ்தாபித்தேன். புதுச்சேரிக் குடும்பத்தில் சைகோனில் பிறந்தவர் அவர். நெம் என்ற பெயர் அவருக்குப் பிடிக்காது. தெற்கு வியத்நாமியப் பெயரை ஒட்டிப் புதுச்சேரியில் வழங்கும் ‘சையோ’ என்ற பெயரைத்தான் சொல்வார்.

“சாறை வாயில வைக்காமலே சாஸைப் பிழிஞ்சா, கடைக்காரன் வெந்நீரை ஊத்தினாலும் உனக்கு ஒண்ணுதானே, தம்பி?” என்றார். “ராத்திரி ஒன்பதரைக்கு எவன் ஃபோ குடிப்பான்? அங்க அது காலைச் சாப்பாடு. கடை மூடற நேரத்துக்குப் போனா, அடிப்பானையில தண்ணி விட்டுத்தான் கொடுப்பான்.”

“இலை வாடியிருந்ததே, அத்தை?”

“அதைப் பாத்தப்புறமும் ஏன் உக்காந்திருந்தே?”

இலைத்தட்டு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கத்திய ஹனோய் முறைப்படி சமைக்கும் கடையில் இலைகள் அதிகம் வாரா. அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணலாகாது. 1954-இல் தேசம் இரண்டானபோது லட்சக்கணக்கான வடக்கத்தியர் தெற்கே வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஃபோவோடு முளைப்பயறையும், நம் திருநீற்றுப் பச்சிலைக்கு உடன்பிறப்பான வாசனைத் துளசியையும், சாஸ்களையும் சேர்த்துக்கொண்டது சைகோன். ஆனால் சைகோன் முறை என்று போர்டு மாட்டிவிட்டுப் புதினாவை மட்டும் நீட்டுகிற கடையை மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அத்தையே என்னை வேறொரு கடைக்கு அழைத்துப் போனார். சுவரில் ஆறே பெயர்கள் எழுதியிருந்தன. கிண்ணம் வந்ததும் சாஸ் புட்டிகளை என் கைக்கெட்டாத மூலைக்கு நகர்த்திவிட்டு, ஆவியில் கண்ணாடி மங்க, மூன்று கரண்டி சாற்றை மௌனமாகக் குடித்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு வியத்நாமிய பாஷையில் ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே என்னை ஒரு தரம் பார்த்து, பச்சிலை குவிந்த இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

“என்ன கேட்டீங்க, அத்தை?”

“இலை போதாதுன்னேன். காசு யார் கொடுக்கிறதுன்னு கேட்டான், உன்னைக் காட்டினேன்.”